16 கிலோமீற்றர்

யாழ்ப்பாணத்தில் 16 கிலோமீற்றர் எண்டால் ரவுணிலயிருந்து சாவகச்சேரி. நாவற்குழிப் பாலத்தில் எதிர்க்காத்து முகத்தில அடிச்சாலும் ஒரு மணித்தியாலம் போதும். ரியூசன் காலத்தில் டபிள்ஸ் போய், சோடா குடித்து, பின்னேரம் திரும்பியும் வந்திருக்கிறோம். ஹத்தாவில் நாங்கள் ஓட நினைத்த வட்டப்பாதையும் 16 கிலோமீற்றர்தான். என்னுடைய முதல் பிழை அந்தக் கணக்கு.

ஹத்தா, டுபாய் நகரத்திலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தள்ளி, ஓமான் எல்லையோடு ஒட்டிக்கிடக்கிற ஒரு துண்டு நிலம். டுபாய் அமீரகத்துக்குச் சொந்தமானது, ஆனால் அதோடு நிலத்தொடர்பு இல்லாதது. அங்கேயுள்ள அணைக்கட்டில் பச்சைத் தண்ணீருக்கு நடுவே கயாக் ஓட்டுகிற படங்களை நீங்கள் பேஸ்புக்கில் பார்த்திருப்பீர்கள். இங்கே வேலைக்கு வந்த எங்கட ஆக்கள் பாதிப்பேரின்ர புரொபைல் படம் அதுதான். அந்தத் தண்ணீரைச் சுற்றியிருக்கிற மலைகளில், மலைச் சைக்கிளுக்கென்றே வெட்டிய பாதைகள் கிடக்கின்றன. கஷ்டத்தின் அளவைப் பொறுத்து பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் நீலத்தில் தொடங்கி, சிவப்பில் ஏறி, மறுபக்கத்தால் இறங்கி, தொடங்கின இடத்துக்கே வருவதாகத் திட்டம்.

'நாங்கள்' என்பது நானும் என் அறைத்தோழனும். அவன் பண்டாரவளைப் பக்கம், தோட்டத்தில் பிறந்தவன். இரண்டாங்கையாக ஒரு மலைச் சைக்கிள் வாங்கி, ஒவ்வொரு குளிர்காலமும் ஹத்தாவுக்கு வருகிறவன். எனக்கு வாடகைச் சைக்கிள். முதல் நாள் இரவு அவன் மூன்று லீற்றர் தண்ணீர்ப் பையை நிரப்பிக்கொண்டே, "நீயும் மூனு லீட்டர் எடுத்துக்க மச்சான்" என்றான். நான் சிரித்துக்கொண்டு, "ஏன், தேயிலைக் கொழுந்து பறிக்கவோ ஏறப்போறம்?" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மூடியை இறுக்கிக்கொண்டிருந்தான். நான் 750 மில்லிலீற்றர் போத்தல் இரண்டு எடுத்து வைத்தேன்.

மார்ச் கடைசி ஞாயிறு. காலை ஏழரைக்கு ஓடத் தொடங்கினோம். தொடங்க முன்னமே அவன் என்ர ரயரை விரலால அமத்திப் பார்த்து, காத்தைத் திறந்துவிட்டான். எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஊரில் ரயர் கல்லு மாதிரி இருந்தால்தானே பெருமை. இறுகின ரயர் கல்லில் பட்டால் துள்ளி எறியும், கொஞ்சம் மெத்தென்று இருந்தால்தான் கல்லைப் பிடிக்கும் என்றான். முதல் மூன்று கிலோமீற்றருக்குள்ளேயே அது சரியெண்டு விளங்கிவிட்டது.

'ஹஜர்' என்றால் அரபியில் கல். வேறு பேர் அந்த மலைக்குப் பொருந்தாது. மண்ணே இல்லை. கபில நிறத்தில் உடைந்த பாறை, அதற்கு மேலே உடைந்த கல், அதற்கு மேலே சல்லி. இந்தப் பாறைகளில் பெரும்பகுதி, கோடிக்கணக்கான வருசத்துக்கு முதல் கடலடியிலும் அதற்குக் கீழேயும் இருந்து, நிலத்தட்டுகள் மோதினபோது மேலே தள்ளப்பட்டதாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லும் கடலில் உருவானதுதான், ஆனால் அது நல்ல பிள்ளையாய்ப் படுத்துக்கிடக்குது.

ஏற்றத்தில் எழும்பி நிண்டு உழக்கினேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. எழும்பினால் பாரம் முன்னுக்குப் போய், பின்சில்லு சல்லியில் வழுக்கிச் சுத்துது. அவன் இருந்தபடியே, மூக்கு காண்டிலில் முட்டுகிற மாதிரிக் குனிந்து, மெல்லிய கியரில் நத்தை மாதிரி ஏறினான். முடியாத இடத்தில் வெட்கமில்லாமல் இறங்கி நடந்தான். நான் நடக்கவில்லை. மூன்று தரம் விழுந்தேன். மூன்றாவது, இறக்கத்தில் முன் பிறேக்கைப் பொத்திப் பிடித்ததால் வந்தது. முழங்கை உரிந்து, ஹெல்மற்றும் கல்லில் இடிபட்டது.

ஒன்பதரைக்கே என் தண்ணீர் முடிந்துவிட்டது. அவனிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இப்பவும் யோசிக்கிறேன். தண்ணீர் முடிஞ்சுதெண்டு சொன்னால் முதல் நாள் இரவுப் பகிடிக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு வெறும் போத்தலை வாயில் வைத்துக் குடிப்பதுபோல நடித்தும் இருக்கிறேன். இதை எழுதவே கூச்சமாக இருக்குது.

பாலைவனத்து வெயில் எங்கட வெயில் மாதிரி இல்லை. வியர்ப்பது தெரியாது. காத்து அவ்வளவு காய்ந்தது, வேர்வை வந்த கையோடு ஆவியாகிவிடும். என் கறுப்புச் சேட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடு விழுந்திருந்ததை அவன்தான் முதலில் கண்டான். பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்தான். அந்த வெயிலுக்குள் மயிர்க்கூச்செறிந்து கிடந்தது.

"தண்ணி இருக்கா?"

"கிடக்கு."

போத்தலை உருவிக் குலுக்கிப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்துக் கிலோமீற்றர் முடிந்திருந்தது. வட்டப்பாதையின் பொல்லாத இடம் அதுதான். திரும்பினால் பத்து, போனால் ஆறு, ஆனால் அந்த ஆறில் முதலாவது ஏற்றம். கீழே தார் ரோட்டு பளபளவென்று தெரிந்தது, கார்கள் போகிற சத்தம்கூடக் கேட்டது. "நேரே இறங்குவம்" என்றேன். அவன் மறுத்துவிட்டான். கண்ணுக்குத் தெரிகிற ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவே எத்தனை வெட்டுப்பாறை இருக்கென்று மேலேயிருந்து தெரியாது, பாதையை விட்டால் தேடுறவனுக்கும் நம்மைத் தெரியாது என்றான்.

ஒரு பாறைக்குக் கீழே பாய் அகலத்துக்கு நிழல் இருந்தது. அங்கே ஒரு மணித்தியாலம் கிடந்தோம். தன் பையின் குழாயை என் வாயில் வைத்து, மூன்று மிடறு, பிறகு கொஞ்சம் பொறு, பிறகு மூன்று மிடறு. பொலித்தீனில் கட்டிக்கொண்டு வந்த உப்புக் கச்சானை நீட்டினான். கழுத்துச் சால்வையை நனைத்து என் பிடரியில் போட்டான். குடிக்கிற தண்ணியை இப்படி ஊத்துறானே என்று எனக்குப் பதைத்தது.

எனக்குத் தலைச்சுற்று குறைந்த பிறகு, அவன் தன்பாட்டில் சொன்னான்: "அம்மா ஏத்தத்துல பேசவே மாட்டாங்க. மூச்சு போயிடும்னு. மேல போய் கூடைய எறக்கின பிறகுதான் ஏசுவாங்க."

அவ்வளவுதான். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மிச்ச ஏற்றம் முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம், ஒருவரோடொருவர் பேசாமல். உச்சியில் அவன் தண்ணீர்ப் பையும் வெறுமையாகிவிட்டது. மறுபக்கத்து இறக்கத்தில் வளைவுக்கு வளைவு அவன் நின்று, நான் வருகிறேனா என்று பார்த்து, பிறகு போனான். ஒரு மணிக்குக் கீழே வந்து சேர்ந்தோம். பைப்படியில் அவன் குடித்த குடியைப் பார்த்தபோதுதான், மேலே தான் குடிக்காமலே இருந்திருக்கிறான் என்று விளங்கிச்சுது.

திரும்பி வருகிற வழியில் ஒரு பெற்றோல் செட்டில் நிறுத்தி, இரண்டு கடக் சாயா வாங்கினேன். கோப்பையைக் கொடுக்கும்போது, "ராத்திரி நான் சொன்னது பிழை மச்சான்" என்றேன். அவன் ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தான்.

"இதெல்லாம் டஸ்ட்டுடா. தேயிலைய பத்தி பேசுறதுன்னா முதல்ல நல்ல தேத்தண்ணி குடி."

பிறகு சீற்றைச் சரித்துவிட்டு நித்திரையாகிவிட்டான். டுபாய் வரும்வரைக்கும் நான் ரேடியோ போடவில்லை.