இரும்பு வண்டியும் தகர வண்டியும்

"அந்தக் காலத்து வண்டி இரும்பு, இப்போது வருவதெல்லாம் தகரம்." நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கார் பற்றிப் பேசினால் இந்த வாக்கியம் வராமல் இருக்காது. அம்பாஸடரின் மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்தாலும் நெளியாது. இப்போதைய வண்டியில் ஒரு ஸ்கூட்டர் உரசினாலே பம்பர் கழன்று தொங்குகிறது. உண்மைதான். ஆனால் அதை வைத்துப் பழைய வண்டிதான் பத்திரம் என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

நான் பணியில் சேர்ந்த சில வருடங்களில், எங்கள் அலுவலக வண்டி ஒன்று இரவு நேரத்தில் புளியமரத்தில் மோதியது. என்ன வண்டி, எந்த அலுவலகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். என் மேசைக்கு இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்று வண்டி பழுதுபார்க்கும் செலவு மதிப்பீடு. அதில் சேதம் சொற்பம் என்று இருந்தது. பதினைந்து நாளில் வண்டி மறுபடி ஓடியது. இன்னொன்று ஓட்டுநரின் மனைவிக்கான குடும்ப ஓய்வூதியம். ஸ்டியரிங் அவர் நெஞ்சில் இறங்கியிருந்தது. அவருக்கு நாற்பது வயதுகூட இல்லை. வண்டி நசுங்கவில்லை, மனிதர் நசுங்கினார். இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறிப்பு எழுதியவன் என்பதால், "இரும்பு" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

கணக்கு எளியது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போய் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வண்டி நின்றாலும் உள்ளே இருக்கும் உடல் அதே வேகத்தில் முன்னே போகிறது. அது எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. 10 செ.மீ.க்குள் நின்றால் உடல்மேல் விழும் விசை நம் எடையைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு. 60 செ.மீ. தூரம் கிடைத்தால் அது சுமார் 16 மடங்காகக் குறையும். முகப்பு நசுங்கினால்தான் அந்தத் தூரம் கிடைக்கும். மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பரேனி 1950களிலேயே இதைச் சொன்னார்: முன்னும் பின்னும் நசுங்க வேண்டும், நடுவில் ஆட்கள் இருக்கும் கூண்டு மட்டும் நசுங்கக் கூடாது.

கூண்டு நின்றால் மட்டும் போதாது, உடலையும் அதோடு கட்டி வைக்க வேண்டும். 1959-இல் வோல்வோவின் நில்ஸ் போலின் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்தார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்து விட்டது. பிரான்சில் 1973 ஜூலையில் ஊருக்கு வெளியே முன் இருக்கையில் பெல்ட் கட்டாயமானது. பள்ளியில் "செந்த்யூர்" என்றால் இடுப்புவார் என்று மட்டும் படித்த எனக்கு, அதன் இன்னொரு பொருளைக் காட்டியவர் பெரியப்பா மகன். அவர் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது மீனம்பாக்கத்தில் டாக்ஸியில் முன்னால் உட்கார்ந்ததும் கை தானாகத் தோளுக்கு மேல் போய்த் தேடியது. "என்ன சார் தேடறீங்க?" என்றார் டிரைவர். "ஒண்ணுமில்லப்பா" என்று அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டார். பாண்டி வரும்வரை டேஷ்போர்டைப் பிடித்தபடியே வந்தார்.

பெரிய பழைய வண்டியா, புதிய வண்டியா என்ற கேள்விக்கு 2009-இல் அமெரிக்காவில் நேராகவே விடை கண்டார்கள். 1959-ஆம் வருடத்து செவர்லே பெல் ஏரையும், அதைவிடக் குட்டையான 2009 செவர்லே மாலிபுவையும் சுமார் 64 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டார்கள். பெல் ஏரின் கூண்டு நொறுங்கியது. உள்ளே மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில்தான் அடி.

நம் ஊர் வண்டிகளின் அளவும் மாறிவிட்டது. 1983-இல் வந்த மாருதி 800 சுமார் 3.3 மீட்டர் நீளம், 650 கிலோ எடை. இன்று கதவுக்குள் இரும்புத்தண்டு, தடித்த தூண்கள், காற்றுப்பைகள் எல்லாம் சேர்ந்து எடை கூடிவிட்டது. 4 மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்ற 2006-ஆம் வருடச் சலுகையால் பல வண்டிகள் நீளாமல் உயர்ந்தன. ஆனால் புதியது என்பதற்காகவே பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2014-இல் குளோபல் என்கேப் சோதித்த, இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்கள் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் மோதல் சோதனை விதிகளும், 2019-இல் ஓட்டுநருக்கான காற்றுப்பையும், 2023-இல் நமது பாரத் என்கேப் சோதனையும் வந்தன.

எடைக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. கனத்த வண்டியும் லேசான வண்டியும் மோதினால் லேசானதில் இருப்பவருக்குத்தான் அடி அதிகம். ஆளுயர முகப்புள்ள வண்டி நடந்து போகிறவர் மேல் மோதினால் அடி காலில் படாமல் நெஞ்சில் படுகிறது. உள்ளே இருப்பவரின் பத்திரம் வெளியே இருப்பவருக்கு ஆபத்தாகிவிடக் கூடாது.

கடைசியாக, நம்மைப் பற்றி. நாம் இப்போது வண்டி ஓட்டுவது குறைவு. மகனோ மருமகளோ ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகிறோம். பின்னால் இருப்பவருக்கு எதற்கு பெல்ட் என்கிறோம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விலையுயர்ந்த மெர்சிடிஸில் பின் இருக்கையில் பயணித்தபோது பால்கர் அருகே இறந்தார். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்றது காவல்துறை. அந்த இருவருமே இறந்தார்கள். முன்னால் இருந்த இருவர் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். நம் வயதில் விலா எலும்பு எவ்வளவு தாங்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

டாக்ஸிகளில் பின்சீட்டு பெல்ட்டின் கொக்கி பெரும்பாலும் சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். அடுத்த முறை ஜிப்மருக்கோ சென்னைக்கோ கிளம்பும்போது, வண்டி நகரும் முன்பே அதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் தாமதமானால் பரவாயில்லை.