தந்தியும் காந்தமும்

தந்தியை மீட்டினால் ஓசை பிறக்கும் என்பது சிறாரும் அறிந்ததே. பிறந்த ஓசையைப் பெருக்கி மன்றத்தார் செவிக்கு ஈவது யாது என்று வினவின், ஒலிபெருக்கி என்று விடை கூறுவாரே பலர். அவ்வொலிபெருக்கிக்கும் தந்திக்கும் நடுவே, இருவிரல் அகலமே உடையதாய்த் தந்திகளின் அடியில் அடங்கிக் கிடக்கும் 'பிக்கப்' என்னும் சிறு கருவியை நினைப்பார் அரியர். அக்கருவியைத் தேர்ந்து பொருத்தும் பணி சென்ற ஆண்டில் எம்மேல் வந்து விழுந்தது. தொல்காப்பியம் பயில்வார்க்குச் செம்புக்கம்பியோடு என்ன வழக்கு என்று விடுதி நண்பர் நகைத்தனர். அவர் நகைப்பு அவர்க்காகுக. யாம் கண்டவற்றைச் சொல்லுவாம்.

எம் தாயைப் பெற்ற பாட்டனார் குரோம்பேட்டையில் இருப்புப்பாதைக்கு அணித்தாய் உள்ள சிறு வீட்டில் வாழ்பவர். தோல் பதனிடும் ஆலையால் பெயர் பெற்ற ஊர் அது. மீட்டர்கேஜ் காலத்து மின்வண்டிகளில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றார். இப்பொழுது அகவை எழுபத்தெட்டு. இளமையில் அவர் கற்ற கருவி ஹவாயன் கித்தார். எட்டுத் தந்தி உடையது. அதனை மடியிற் கிடத்தி, இடக்கையில் எஃகுருளை ஒன்றைப் பற்றித் தந்திகளின்மேல் வழுக்கிச் செல்ல, வலக்கை மீட்டும். மெட்டுகளில் விரலை அழுத்தும் வேலை அதற்கு இல்லை. சுரத்தின் இடத்தைச் செவியே காட்டவேண்டும். நம் நாட்டுக் கோட்டுவாத்தியமும் அவ்வினத்ததே. சித்திரவீணை எனவும் வழங்கும் அதன் தந்திகளின்மேல் கருங்காலிக் கட்டை வழுக்குவதும், ஹவாய்த் தீவினர் கித்தாரின்மேல் எஃகு வழுக்குவதும் ஒரே தொழிலின் இரு கிளைகள் போலும். அமெரிக்க நாட்டில் அக்கித்தாருக்குக் கால்கள் அமைத்து, தந்தியின் இழுப்பை மாற்றும் மிதிகட்டைகள் பூட்டிப் 'பெடல் ஸ்டீல்' என்று பெயரிட்டனர். 1954-இல் பட் ஐசக்ஸ் என்பார் ஒரு பாட்டின் இடையே மிதித்து வாசித்த ஓசையைக் கேட்டு, கித்தாரியர் பலர் தத்தம் கருவிகட்கும் மிதிகட்டை தேடி அலைந்தனர் என்பது அந்நாட்டு இசை வரலாறு. பாட்டனார் கருவிக்கு அத்தகைய மிதிகட்டைகள் இல. ஆயினும் ஓசையை ஏற்றவும் இறக்கவும் வலக்காலின் கீழ் வால்யூம் பெடல் ஒன்று உண்டு.

ஈராண்டுக்கு முன் அக்கித்தாரின் பிக்கப் ஊமையாயிற்று. மாலைதோறும் விளக்கேற்றியபின் ஒரு நாழிகை வாசித்து வந்தவர் கருவியை உறையிலிட்டுச் சுவரிற் சார்த்திவிட்டார். நகரத்துக் கடை ஒன்றில், "இதனை எறிந்துவிட்டுப் புதிது வாங்குக" என்றனராம். அவர் புதிது வேண்டா என்றார். நாளடைவில் கையும் சற்றே நடுங்கத் தொடங்கிற்று, செவியும் மந்தமாயிற்று. இன்னும் ஓராண்டு கருவி சுவரிலேயே இருக்குமாயின், பின்னர்ப் பிக்கப் கிடைத்தும் பயன் இராது என்று எம் அன்னையார் எம்மிடம் தனித்துக் கூறினார். யாம் இப்பணியை மேற்கொண்டது அதன் பின்னரே.

இனிப் பிக்கப்பின் இயல்பு கூறுவாம். காந்தம் ஒன்றைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய செம்புக்கம்பி பல்லாயிரம் சுற்றுச் சுற்றப்பட்டிருக்கும். காந்தத்தின் ஆட்சியுள் நின்று எஃகுத் தந்தி அதிருங்கால் காந்தப்புலம் அசைகின்றது. அவ்வசைவு கம்பிச்சுருளில் நுண்ணிய மின்னை எழுப்புகின்றது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த நெறி இது. சரியாக நூறாண்டு கழித்து, 1931-இல், ஜார்ஜ் பீச்சம் என்னும் ஹவாயன் கித்தாரியர் இந்நெறியைத் தம் கருவிக்குப் பயன்படுத்தினார். அவரும் அடால்ப் ரிக்கன்பேக்கரும் வெளியிட்ட அக்கித்தாரை அதன் வடிவு நோக்கி 'வாணலி' என்று ஏளனமாய் அழைத்தனர். மின்கித்தார் குலத்தில் கடைக்கு வந்த முதற் பிள்ளைகளுள் ஒன்று மடியிற் கிடக்கும் இந்த எஃகுக் கித்தார் என்பது பலர்க்கு வியப்பளிக்கும். அதன் பிக்கப்புக்குக் காப்புரிமை கிடைத்தது 1937-இல். இவ்விரண்டு ஆண்டுகளும் நம்மவர்க்குப் புதியன அல்ல. கடற்கரையினின்று தாம்பரத்துக்கு மின்வண்டி ஓடத் தொடங்கியது 1931-இல். நம் கல்லூரி நகரத்தை நீங்கித் தாம்பரத்துக் காட்டிற் குடியேறியது 1937-இல். இவ்வொப்புமையால் யாதொன்றும் நிறுவ யாம் கருதவில்லை. கண்டபோது உவகை தந்தது, எழுதினோம்.

அம்மின்வண்டிப் பாதையே எமக்கு இடையூறும் ஆயிற்று. அவ்வழி முதலில் 1,500 வோல்ட்டு நேர்மின்னால் ஓடியது. 1960-களில் 25,000 வோல்ட்டு மாறுமின்னாயிற்று. மாறுமின் நொடிக்கு 50 முறை அலைவது. அவ்வலைவு வீட்டு மின்கம்பிகளிலும் உண்டு, தெருவிலும் உண்டு, பாதையின்மேல் தொங்கும் கம்பியிலும் உண்டு. பிக்கப்பின் சுருளோ, தந்தியின் அசைவு இது, மின்கம்பியின் அலைவு இது என்று பகுத்தறிய மாட்டாது. இரண்டையும் ஒருங்கே ஏற்று ஒலிபெருக்கிக்கு அனுப்பும். வண்டு முரல்வது போல் 'உம்' என்று ஓயாது எழும் அவ்விரைச்சலைப் பாட்டனார் வீட்டில் எந்நேரமும் கேட்கலாம். நிலையத்தினின்று வண்டி புறப்படுங்கால் அது சற்றே ஓங்குதலையும் யாம் பலகால் கேட்டோம்.

எம்முன் நின்ற வழிகள் மூன்று. பழைய பிக்கப்பையே புதுக்குதல் முதலாவது. அஃது ஒற்றைச் சுருள் உடையது. பல்லாவரத்தில் மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் காயில் கட்டும் ஒருவர் அதனை வாங்கி நோக்கி, "இவ்வளவு மெல்லிய கம்பி என் கையில் நில்லாது, தம்பி" என்றார். ஆயினும் விட்டாரில்லை. இருமுறை கம்பி அறுந்தது. மூன்றாம் முறை எண்காட்டியை வைத்துக்கொண்டு பொறுமையோடு சுற்றி முடித்து, உருக்கிய மெழுகில் தோய்த்தும் தந்தார். மெழுகிலிடாவிடின் தளர்ந்த சுற்றுகள் தாமே அதிர்ந்து கீச்சிடும். மல்டிமீட்டரில் ஏறத்தாழ 9,000 ஓம் காட்டிற்று. இன்னும் மிகுதியாகச் சுற்றலாகாதோ எனின், சுற்று மிக மிக ஓசை உரத்துவரும். ஆனால் மேலிசைகள் மழுங்கும். பெடல் ஸ்டீல் கருவிகளுக்கு 15,000 ஓமுக்கு மேலும் சுற்றுவர். அக்கருவியின் தந்திகள் மிக்க பளபளப்புடையன ஆதலின் அவ்வளவு மழுக்கம் அதற்குத் தகும். பாட்டனார் கருவிக்கு வேண்டா என்று காயில் கட்டுபவரே தடுத்துவிட்டார்.

இரண்டாவது வழி இரட்டைச்சுருள். கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் என்பார் 1955-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். ஒரு சுருளை வலமாகவும் மற்றொன்றை இடமாகவும் இணைத்து, காந்தத்தையும் எதிர்முகமாக வைப்பர். வெளியினின்று வரும் இரைச்சல் ஒன்றில் ஏறும்போது மற்றொன்றில் இறங்கும். இரண்டும் கூடி அழியும். தந்தியின் ஓசையோ இரண்டிலும் ஒருமுகமாய் வந்து இரட்டிக்கும். எத்துணை எளிய சூழ்ச்சி! எம் விடுதித் தோழர் ஒருவர் தம் எட்டுத்தந்திக் கித்தாரினின்று கழற்றி வைத்திருந்த இரட்டைச்சுருள் ஒன்றைச் சிறு விலைக்குத் தந்தார். தந்திக்கு ஒன்றாகக் காந்தக் குமிழ் இராமல் ஒரே பட்டையாக இருந்தமையின், தந்தியின் இடைவெளி பற்றிய கவலை பெரிதும் நீங்கிற்று.

மூன்றாவது பியெசோ வில்லை. அது காந்தத்தை நாடாது. மரத்தில் ஒட்டினால் மரத்தின் நடுக்கத்தையே மின்னாக மாற்றும். ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றது. வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் இவ்வழி ஏற்றது. என்னை? அவற்றின் தந்திகளுட் சில வெண்கலமோ பித்தளையோ ஆகும். காந்தம் அவற்றைப் பொருட்படுத்தாது. எஃகுத் தந்தி ஓங்கி ஒலிக்க, மந்தரத் தந்தி ஊமையாய் நின்றால் அஃது இசையாமோ?

நிற்க. கருவி தேர்தல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. சீவகசிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகத்தைப் பயின்றோர், சீவகன் தன்முன் கொணரப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக நீக்கிய திறத்தை அறிவர். ஒன்றன் மரம் நீரில் நின்று இளகியது, ஒன்று வாளால் புண்பட்டது, ஒன்று இடியேறுண்டது, நரம்பினுள் மயிர் இருந்ததையும் அவன் காட்டினான். பார்த்த அளவில் அழகியவாய் இருந்த யாழ்களை அவன் குற்றம் கண்டு தள்ளியது எமக்குப் பெருந்துணையாயிற்று. கடைக்காரர் புகழும் குணத்தை விடுத்துக் குற்றத்தையே தேடுவது நல்ல தேர்ச்சி என்று துணிந்தோம். சீவகன் இன்று குரோம்பேட்டைக்கு வருவானாயின் இருப்புப்பாதையின் அணிமையையும் ஒரு குற்றமாகச் சேர்த்திருப்பான்.

மாலைக்கு ஒன்றாக மூன்றையும் பொருத்தி, எது எது என்று கூறாமல் பாட்டனாரிடம் கொடுத்தோம். ஒலிபெருக்கியின் அளவு மூன்று நாளும் ஒன்றே போற் கேட்குமாறு வைத்தோம். உரத்த ஓசையே நல்லோசையாகத் தோன்றும் மயக்கம் யார்க்கும் உண்டன்றோ?

பியெசோ முதல் நாளிலேயே தோற்றது. தந்தியை விட உருளையின் ஓசையே மிகுந்தது; சட்டைக் கை உரசுவதும் கேட்டது. அதனினும் கொடிது ஒன்று: பாட்டனாரின் இடக்கை நடுக்கத்தால் எஃகு தந்தியில் படபடப்பதை அது ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தது. அவர் இரண்டு அடி வாசித்து உருளையைக் கீழே வைத்துவிட்டார். யாமும் வற்புறுத்தவில்லை.

ஒற்றைச்சுருளின் மாலையில் எம் நெஞ்சு அதன்பாற் சென்றது என்பதை மறைக்கமாட்டோம். மீட்டிய கணத்தில் அதன் ஓசை வெள்ளிக் கிண்ணத்தைத் தட்டினாற்போல் தெளிந்து எழுந்தது. அடுத்த நாள் இரட்டைச்சுருளின் ஓசை அதன்முன் சிறிது போர்த்தியது போலிருந்தது. கித்தார் அறிந்தவர் பெரும்பாலும் ஒற்றைச்சுருளே நன்று என்பர். ஆனால் பாட்டனார் மீட்டிய கணத்தைக் கேட்டாரில்லை. மீட்டியபின் வருவதைக் கேட்டார். வழுக்கி வாசிக்கும் கருவியில் ஒரு மீட்டுக்கு ஒரு சுரம் என்பதில்லை. ஒருமுறை மீட்டி, அவ்வோசை தேய்ந்து மறைவதற்குள் மூன்று நான்கு சுரங்களைத் தொட்டு மீளுதல் வேண்டும். ஓசை தேயத் தேய அவர் கால் பெடலை மெல்ல அழுத்தி அதனைத் தாங்கும். அங்கேதான் சிக்கல்! பெடலை அழுத்துங்கால் தேய்ந்த ஓசை உயர்வது போலவே 'உம்' என்னும் இரைச்சலும் உயர்கின்றது. ஒற்றைச்சுருளில் ஒன்பது எண்ணுமுன் இரைச்சல் தந்தியை விழுங்கிவிட்டது. இரட்டைச்சுருளில் பதினான்கு எண்ணும் வரை தந்தி நின்றது.

செவியின் இயல்பும் இதனோடு பொருந்திற்று. முதுமையில் முதற்கண் மறைவன உச்ச ஓசைகள். தாழ்ந்த ஓசைகள் நெடுநாள் நிற்கும். ஆதலின் எம்மை மயக்கிய வெள்ளித் தெளிவு பாட்டனார் செவிக்குப் பெரும்பாலும் எட்டவே இல்லை. இரைச்சலோ முழுமையாக எட்டிற்று. கேட்போர் செவிக்கு வாங்குவதா, வாசிப்போர் செவிக்கு வாங்குவதா என்று எமக்கும் எம் மாமனார்க்கும் ஓரிரவு வாதம் நிகழ்ந்தது. மாமனார் கேட்போர் பக்கம் நின்றார். வேறொரு கருவியாயின் யாமும் அவர் பக்கமே நின்றிருப்போம். மெட்டில்லாத கருவியில் சுரத்தின் இடத்தை வாசிப்பவர் செவியே காணவேண்டுமாதலின், அவர் கேளாத ஓசையை அவர் எங்ஙனம் செப்பமாக நிறுத்துவார்? கேட்போர்க்கு வேண்டிய தெளிவை ஒலிபெருக்கியின் குமிழைச் சிறிது திருகிப் பெறலாம். இரைச்சலில் மூழ்கிய சுரத்தை எக்குமிழும் மீட்டுத் தாராது. பாட்டனார் எங்கள் வாதத்தில் கலந்துகொள்ளவில்லை. "அந்த மூன்றாம் நாள் போட்டதையே போடு" என்றார், அவ்வளவே.

பொருத்தியபின்னும் வேலை இருந்தது. பிக்கப் தந்திக்கு மிக அணித்தாய் இருப்பின் காந்தம் தந்தியையே இழுத்து, அதிர்வைக் கெடுத்துச் சுரத்தைத் திரிக்கும். மிக விலகின் ஓசை வலி குன்றும். அடியில் வைத்து உயர்த்த மெல்லிய அட்டை தேடியபோது, பாட்டனார் தம் பெட்டியினின்று பழைய ரெயில்வே அட்டைச்சீட்டுகளை எடுத்து நீட்டினார். இடப்புறம் மூன்று சீட்டும் வலப்புறம் இரண்டு சீட்டும் வைக்க அளவு சரியாயிற்று. அவற்றுள் ஒன்று குரோம்பேட்டையினின்று மாம்பலத்துக்கு உரியது.

குறை ஒன்று எஞ்சியது. தோழர் கித்தாரின் தந்திகள் நெருங்கியன. பாட்டனார் கருவியின் தந்திகள் அகன்றன. ஆதலின் பட்டையின் இரு முனைகளுக்கும் அப்பால் சிறிது விலகி நிற்கும் முதல் தந்தியும் எட்டாம் தந்தியும் ஏனையவற்றினும் தாழ்ந்து ஒலிக்கின்றன. வேறு பட்டை தருவிக்கலாமா என்று கேட்டோம். அவர் அவ்விரண்டையும் சற்று அழுத்தி மீட்டப் பழகிவருகின்றார். பழைய காயிலைப் பஞ்சிற் பொதிந்து, எஞ்சிய அட்டைச்சீட்டுகளோடு பெட்டியில் வைத்திருக்கின்றார்.