தேடி வந்தவர் தாய்

கடையநல்லூரில் தறிகள் ஓய்ந்து, ஓட்டுவீடுகள் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் மாடிவீடுகளாகின்றன. எங்கள் வீட்டை இடிக்க முனைந்தபோது, தகப்பனாரின் மனையில் பங்கு கேட்டதால் உம்மாவுடன் பேச்சற்றுப்போன மூத்த சகோதரியின் நினைவு எழுந்தது. அவர் கேட்டது பிழையன்று. அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் மகளுக்கு விதித்த பங்கு அது. சீர் கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது என்பது நம்மவர் வழக்கமேயன்றி மார்க்கமன்று.

ஹுதைபிய்யா உடன்படிக்கைக் காலத்தில், இஸ்லாத்தை ஏற்றிராத தாயார் மதீனாவுக்குத் தேடி வந்தபோது அஸ்மா (ரலி) அவர்கள் தயங்கினார்கள். தாயுடன் உறவைப் பேணுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததைப் புகாரி பதிவுசெய்கிறது. அங்கே தேடி வந்தவர் தாய் என்பதை உம்மாவிடம் எடுத்துரைத்தோம்.

பங்கு பத்திரமானதும் உம்மா தாமே மகளின் வாசலுக்குச் சென்றார். புதுவீடு முடியும்வரை அங்கேதான் தங்கியிருக்கிறார். பேச்சு இன்னும் குறைவுதான்.