நகோன் சி தம்மராட்டில் இரண்டு இரவுகள்

தென் தாய்லாந்தின் நகோன் சி தம்மராட் நகரில் விடுதி தேடுவோர் முதலில் வாடகையைப் பார்க்கின்றனர். முதலில் பார்க்க வேண்டியது கிழமையை. அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை. தக்குவாபாவில் கிடைத்த, 9ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தமிழ்க் கல்வெட்டு அங்கேதான் உள்ளது. அவனிநாரணம் என்னும் குளம் மணிக்கிராமத்தாரின் காவலில் விடப்பட்டதை அது சொல்கிறது.

நகரம் ராட்சதம்னோன் சாலையை ஒட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. ரயில் நிலையம் வடக்கே; மகாதாது விகாரையும் அருங்காட்சியகமும் தெற்கே. இடையே சோங்தேவ் எனப்படும் பகிர்வு வண்டிகள் ஓடுகின்றன. ஆகவே நிலையத்தருகே எளிய மின்விசிறி அறை எடுத்தாலும் அலைச்சல் இராது. பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் வந்தால் ஓர் இரவின் வாடகை மிச்சம். ஆனால் காலையில் இறங்குவோருக்கு அறை பெரும்பாலும் பிற்பகலில்தான் கிடைக்கும். அதுவரை பெட்டியை விடுதியில் வைக்க இயலுமா என முன்பே கேட்டுக்கொள்வது நலம். மாகபூஜையையொட்டி மகாதாதுவுக்கு நீள்துணி சாத்தும் விழாவில் கூட்டம் திரளும். அந்நாட்களுக்கு முன்பதிவு இன்றியமையாதது.

ஒரு குளத்துக்குக்கூடக் காவலரைக் குறித்து வைத்தவர்களின் கல் அது. அதைக் காணப் புறப்படுவோர் பூட்டிய கதவின் முன் நிற்க நேர்ந்தால், எவ்வளவு மலிவான அறையும் வீண்செலவே.