சீல் உடைந்த டப்பா

வேலூர்ப் பக்கம் பளுதூக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் மண் அது. வழக்கறிஞரான என்னிடம் அங்கிருந்து வந்த ஒரு பையனின் வழக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

தேசியப் போட்டி முடிந்ததும் எடுத்த சிறுநீரில் ஸ்டானோசோலால் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு இருந்தது. அதே சிறுநீரின் இன்னொரு பாதியான 'பி' சாம்பிளிலும் அதே முடிவு. தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான 'நாடா' குற்றச்சாட்டு நோட்டீஸ் அனுப்பியது.

கிரிமினல் வழக்கில் குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு. இங்கே உடம்பில் மருந்து இருந்தாலே விதிமீறல். தண்டனை குறைய வேண்டுமானால், தெரியாமல் வந்தது என்று வீரர்தான் காட்டவேண்டும். நோட்டீஸ் கிடைத்த 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டால், 4 ஆண்டுத் தடையில் ஓராண்டு குறையும். அதை எடுத்துச் சொல்வது என் கடமை, சொன்னேன்.

"போடாத ஊசியப் போட்டேன்னு எப்படி சார் எழுதிக் குடுக்கறது?" என்றான்.

அந்த விதிமேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. தெரிந்தே ஊசி போட்டவனுக்கு ஓராண்டு லாபம். தெரியாமல் சிக்கியவன் நியாயம் கேட்டு நின்றால் அந்த ஓராண்டைப் பணயம் வைக்கவேண்டும்.

சந்தேகம் புரோட்டீன் பவுடர்மேல். ஜிம்முக்கு வந்துபோகும் ஒருவர் மலிவாகக் கொடுத்தது, பில் கிடையாது. மிச்சமிருந்த பாதி டப்பாவைத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்தோம். ஸ்டானோசோலால் இருந்தது! ஜெயித்துவிட்டோம் என்றே அவன் அப்பா நினைத்தார்.

விசாரணைக் குழு கேட்டது: "திறந்த டப்பாவில் யார் வேண்டுமானாலும் கலந்திருக்கலாம். அதே பேட்ச் எண்ணில் சீல் உடையாத டப்பா உண்டா?" விற்றவரைத் தேடினோம், போன் எடுக்கவே இல்லை. அதைவிடப் பெரிய அடி, சாம்பிள் எடுத்த அன்று நிரப்பிய படிவம். முந்தைய 7 நாளில் சாப்பிட்ட மருந்து, சத்துப்பொடி எல்லாவற்றையும் அதில் எழுதவேண்டும். அவன் காய்ச்சல் மாத்திரையை மட்டும் எழுதியிருந்தான். தினமும் பாலில் கலக்கிக் குடிக்கிற பொடியையும் எழுதவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

4 ஆண்டுத் தடை. மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலைக்குப் போகும் வழியும் அதோடு அடைபட்டது.

உங்கள் வீட்டில் பளுதூக்கும் பிள்ளை இருந்தால், பில் இல்லாமல் எந்தப் பொடியும் வாங்காதீர்கள். செலவைப் பார்க்காமல் அதே பேட்சில் இன்னொரு டப்பாவைப் பிரிக்காமல் வையுங்கள். சாம்பிள் கொடுக்கும்போது பொடியின் பெயரையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.