சிறு கையும் மின்கித்தாரும்

"உங்கள் ஊர் எது?" என்று வினவுவோர்க்குத் "தஞ்சோங் ரம்புத்தான்" என்று விடையிறுத்தால், அவர்தம் உதட்டோரத்தில் ஒரு சிரிப்புத் தோன்றி மறைவதை யான் வாழ்நாள் முழுவதும் கண்டு வருகிறேன். 1911ஆம் ஆண்டில் இங்கே திறக்கப்பெற்ற மனநோய் மருத்துவமனை காரணமாக எங்கள் ஊரின் பெயரே இந்நாட்டில் ஒரு கேலிச் சொல்லாகி விட்டது. நோயுற்றோரைத் தாங்கும் ஊருக்கு நன்றி கூற வேண்டிய நாக்கள் நகைக்கின்றன; என் செய்வது? நிற்க. அறுபத்தெட்டு வயதில், கணவரை இழந்த யான், மின்கித்தார் ஒன்று வாங்கப் போகிறேன் என்று அறிவித்த அன்று அச்சிரிப்பு என் வீட்டினுள்ளேயே கேட்டது. "அம்மா, ஊர்ப் பெயரைக் காப்பாற்றி விட்டீர்கள்!" என்றான் என் மகன். யானும் சிரித்தேன். ஆனால் முடிவை மாற்றிக் கொள்ளவில்லை.

யான் தோட்டத்து லயத்திற் பிறந்தவள். பதினான்காம் வயதில் பால்வெட்டச் சென்றேன். என் கை அன்றும் சிறியது, இன்றும் சிறியது. கட்டைவிரல் நுனி தொடங்கிச் சுண்டுவிரல் நுனி வரையில் விரித்து அளந்தால் 17 சென்டிமீட்டர்தான் தேறும். பிறருடைய சாண் எனக்குச் சாணும் இரு விரற்கடையும் ஆகும். உளியின் பிடி என் உள்ளங்கைக்குள் அடங்கவில்லை. என் தாயார் கையைப் பழித்தாரா? இல்லை. உடைந்த கண்ணாடித் துண்டால் அப்பிடியைச் சுரண்டி மெலியச் செய்து, பழந்துணியைச் சுற்றி, "இப்போது பிடித்துப் பார்" என்று கொடுத்தார். இருள் பிரியுமுன் பிரட்டுக்குச் சென்று நின்றபோது, கை சிறிதென்று என்னை எவரும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பவில்லை. காண்டாவில் இரு வாளிகளைத் தூக்கிய போதும் அனுப்பவில்லை. வேலைக்குப் போதுமாயிருந்த அக்கை, இசைக்கு மட்டும் போதாது என்று தீர்ப்பளிக்கப் பெற்றது. அக்கதையைத்தான் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

என் வாழ்க்கைத் துணைவர் தோட்டத்து இசைக்குழுவில் மின்கித்தார் வாசித்தவர். 1961ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து இசைத்துச் சென்றனர். அதன் பின்னர் மலாயா எங்கும் கித்தார்க் குழுக்கள் முளைத்தன. மலாய் மொழியில் அவற்றைக் கூகிரான் என்பர். பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் சகோதரர் தோற்றுவித்த ஆலிகேட்ஸ் குழு மலாய்ப் பாடல்களால் நாடறியப் பெற்றபோது, எங்கள் லயத்து இளைஞர் தம் வீட்டார் இருவர் பெருமையுற்றதைப் போல நெஞ்சு நிமிர்ந்தனர். அவருள் என் துணைவரும் ஒருவர். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வடிவில் செய்யப்பெற்ற மலிவான கித்தார் ஒன்றை ஈப்போவில் தவணைக்கு வாங்கி வந்தார். திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் அது முழங்கிற்று.

மணமான இரண்டாம் ஆண்டு, ஒரு மாலை, "எனக்கும் கற்றுத் தாருங்கள்" என்று கேட்டேன். அவர் மறுத்தாரில்லை. கித்தாரை என் மடியில் வைத்து, என் இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து மெட்டுகளின்மேல் வைத்தார். சுண்டுவிரல் எட்டவில்லை. இழுத்து வைத்தார், மோதிர விரல் நழுவிற்று. அவர் அன்போடுதான் சிரித்தார். "உன் கைக்கு இது எட்டாது" என்று கூறிக் கருவியை வாங்கிக் கொண்டார். யானும் நம்பினேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம்பினேன்.

அவர் மறைந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. கித்தார் சுவரில் தொங்கிக் கொண்டிருந்தது. தூசு துடைக்கும்போதெல்லாம் ஒரு தந்தியைத் தட்டிவிட்டு நகர்வேன். ஒரு நாள் நகரவில்லை. நாற்காலியில் அமர்ந்து அதனை மடியில் வைத்துக் கொண்டேன். ஒரு வாரத்திற்குள் கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கிற்று. மருத்துவர், "தேய்மானம். அழுத்திப் பிடிக்கும் வேலையைக் குறைக்க வேண்டும்" என்றார். வாசிக்கவே கூடாதா என்றேன். "எதை, எவ்வளவு அழுத்தி வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது" என்றார். அவ்விடையே என் தேடலுக்கு வித்தாயிற்று.

மகன் ஒரு வழி கூறினான்: "வாசித்தே தீர வேண்டுமென்றால் மரக்கித்தார் வாங்குங்கள், அம்மா. வயதுக்கு ஏற்றதாக இருக்கும். மின்கித்தார் பிள்ளைகளின் விளையாட்டு." இஃது அவன் ஒருவனின் எண்ணமன்று, ஊராரின் எண்ணமும் இதுவே. உண்மையோ இதற்கு நேர்மாறானது என்பதை அன்பர்கள் அறிய வேண்டும். மரக்கித்தாரின் ஒலி அதன் பேழையிலிருந்து பிறப்பதாகும். ஆதலின் பேழை பருமனாயிருத்தல் வேண்டும். தந்தியும் தடித்து இறுகியிருத்தல் வேண்டும். அதன் முதல் தந்தி பெரும்பாலும் 0.012 அங்குலப் பருமனுள்ளது. நைலான் தந்திக் கித்தாரிலோ தந்தி மென்மையாயினும், தண்டியின் தலைப்புற அகலம் 52 மில்லிமீட்டர். என் விரல் அதனைத் தழுவிச் சென்று திரும்பாது. மின்கித்தாரில் ஒலியைப் பெருக்குவது மின்சாரம். விரல் அதற்காக உழைக்க வேண்டுவதில்லை. 0.009 அங்குலத் தந்தி போதும். தந்தியை மெட்டுக்கு மிக அருகே தாழ்த்தி வைக்கலாம், தொட்டால் பேசும். காதில் காதொலிப்பானை மாட்டிக் கொண்டால் அண்டை வீட்டாருக்கும் தொல்லையில்லை. இளைஞரின் ஆரவாரக் கருவி என்று நாம் ஒதுக்கியதே தேய்ந்த மூட்டுக்கு இரக்கம் காட்டும் கருவியாயிருப்பது எனக்கு வியப்பாக இருந்தது.

அப்படியாயின் துணைவரின் மின்கித்தார் ஏன் வலித்தது? பேத்தியைத் துணைக்கழைத்து அளவு நாடாவை எடுத்தேன். வீணையில் நாம் குதிரை என்று கூறும் உறுப்புக் கித்தாரிலும் உண்டு. அக்குதிரைக்கும் தலைப்புறத்திலே தந்தி படியும் சிறு கட்டைக்கும் இடைப்பட்ட நீளமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அந்நீளம் 648 மில்லிமீட்டர். எங்கள் வீட்டுக் கித்தாரிலும் அதுவே. கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கருவியில் ஏறக்குறைய 628. ஃபெண்டர் நிறுவனமே 1964இல் மாணாக்கர்க்கென்று வெளியிட்ட மஸ்டாங் என்னும் கருவியில் 610. நீளம் குறையக் குறைய மெட்டுகள் நெருங்கும். முதல் மெட்டிலிருந்து நான்காம் மெட்டு வரையில் 648இல் 97 மில்லிமீட்டர், 610இல் 92. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று பெரிய கையுடையோர் எண்ணலாம். என் சுண்டுவிரல் அன்று தவறவிட்ட தொலைவு அந்த ஐந்துதான். இன்னொன்றும் உண்டு: நீளம் குறைந்தால், அதே தந்தி அதே சுரத்தில் நிற்க, அதன் இறுக்கமும் குறையும். 648இலிருந்து 610க்கு இறங்கினால் நூற்றுக்குப் பதினொரு பங்கு குறைகிறது. வீங்கிய மூட்டுக்கு இஃது எவ்வளவு பெரிய சலுகை!

வாங்குமுன் சோதித்துப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்றுண்டு. துணைவரின் பெட்டியிலே கேப்போ என்னும் கவ்வி கிடந்தது. ஆறு தந்திகளையும் அரைச் சுரம் இறக்கி, முதல் மெட்டிலே அக்கவ்வியை மாட்டினால், சுரம் பழைய நிலைக்கு வந்துவிடும். தந்தியின் நீளமோ 648இலிருந்து 612 ஆகிவிடும். மஸ்டாங்கின் நீளமும் இறுக்கமும் அதுவே! ஒரு மாதம் அவ்வாறே பழகினேன். சுண்டுவிரல் எட்டிற்று. கட்டைவிரல் வீங்கவில்லை. மாதத்தின் இறுதியில் ஓர் இரவு, கவ்வியைக் கையில் வைத்துக் கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அந்தக் கவ்வி அவர் பெட்டியிலேயே கிடந்தது. என்னைச் சிரித்து எழுப்பிய அந்த மாலையிலும் அங்கேதான் கிடந்திருக்க வேண்டும். அவர்மீது எனக்குச் சினமே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். மஸ்டாங் வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. உலகில் அது இருந்தது, எங்கள் லயத்துக்கு அச்செய்தி வரவில்லை. அவரும் அறியாதவரே. அதற்காகச் சினம் தணிகிறதே அன்றி அழியவில்லை.

ஈப்போவுக்குச் சென்றோம். முதற் கடையில் இருந்த இளைஞர் என் கையைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், இளஞ்சிவப்பு நிறத்துக் குழந்தைக் கித்தார் ஒன்றை எடுத்து, "ஆன்ட்டி, இது சின்னது, பேத்திக்கும் ஆகும்" என்று நீட்டினார். வாசிப்பது யான் என்றதும் விலையைக் குறைத்தார்! நீளம் மிகக் குறுகினாலும் தீமையுண்டு: தந்தி தளர்ந்து சுரம் தள்ளாடும், மேல் மெட்டுகளில் விரல் நுழைய இடமிராது. ஆனால் சிறுத்த கித்தார் என்றாலே குழந்தையினது என்பது பேதைமை. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனான் 1960இல் ஹாம்பர்க் நகரில் வாங்கி, உலகையே ஆட்டிவைத்த ரிக்கன்பேக்கர் கித்தாரின் நீளம் 527 மில்லிமீட்டர்தான். நம்மவரிடமும் சான்று உண்டு. சிறுவன் சீனிவாஸ் மேலைநாட்டு மாண்டலினை எடுத்தபோது, இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி கொண்ட அக்கருவி கருநாடக இசையின் கமகத்துக்கு ஒத்துவரவில்லை. அதற்காக இசையையா விட்டுவிட்டார்? ஐந்து ஒற்றைத் தந்திகளுடைய மின்மாண்டலினை அமைத்துக் கொண்டார். 2014இல் மறையும் வரை அதனையே வாசித்தார். நெருப்பில் இடக்கையின் இரு விரல்கள் பழுதுபட்ட ஜாங்கோ ரைன்ஹார்ட், எஞ்சிய இரு விரல்களால் கித்தாரின் இலக்கணத்தையே புதிதாக எழுதினார். இவர்களோடு என்னை ஒப்பிடுவதாக எவரும் நினைத்துவிட வேண்டா. குறை எங்கே இருக்கிறது என்று தேடும் முறையைத்தான் கூறுகிறேன்.

இரண்டாம் கடையில் லெஸ் பால் வடிவத்துக் கருவி ஒன்றைத் தோளில் மாட்டினர். நான்கு கிலோவுக்கு மேல் எடை. காண்டா சுமந்த தோளுக்கு இது ஒரு சுமையா என்று இறுமாந்து நின்றேன். பத்து நிமிடத்தில் தோள் தக்க விடை கூறிற்று. அதன் தண்டியும் பருமனானது. பின்னர், மஸ்டாங் வடிவில் 610 நீளமுள்ள மலிவான கருவிகள் இரண்டைக் கொணர்ந்தனர். ஒன்றில் தண்டி மிகவும் ஒடுங்கியது. சிறு கைக்கு ஒடுக்கமே நன்று என்று யானும் எண்ணியிருந்தேன். ஆனால் என் கை சிறிதாயினும் விரல் நுனிகள் உளியாலும் பாலாலும் தடித்தவை. ஒரு தந்தியை அழுத்தினால் அடுத்த தந்தியையும் ஊமையாக்கின. 42 மில்லிமீட்டர் அகலமுள்ள மற்றொன்றையே கொண்டேன். நீலம் கண்ணுக்கு இனியதாயிருந்தது. எனக்குப் பொருந்தியது வெள்ளையாயிருந்தது. நிறத்தைக் கேட்டுப் பேத்தி முகம் சுளித்தாள்.

வாங்கிய அன்றே வீட்டுக்கு எடுத்து வரலாகாது என்று இதைப் படிக்கும் என் வயதினர்க்குக் கூறுவேன். புதுக் கித்தாரில் தலைப்புறக் கட்டையின் வெட்டுகள் பெரும்பாலும் ஆழமின்றி இருக்கும். தந்தி உயர்ந்து நின்று முதல் மெட்டிலேயே விரலைச் சோதிக்கும். கடையிற் செப்பனிடுபவர் அவ்வெட்டுகளை ஆழமாக்கி, பன்னிரண்டாம் மெட்டில் தந்தியின் உயரத்தை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்த்தினார். 0.009 தந்தியே வேண்டும் என்றபோது, "குறுகிய கித்தாரில் தொளதொளக்கும், ஆன்ட்டி, அழுத்தினால் சுரம் ஏறிவிடும்" என்று எச்சரித்தார். அவர் கூறியது மெய்யே. மெல்லத் தொட்டாலன்றிச் சுரம் சரியாக நில்லாது. மருத்துவர் கூறிய அறிவுரையைத் தந்தியே நாடோறும் எனக்கு நினைவூட்டுகிறது. இருக்கும் முறையையும் மாற்றினேன்: இடத் தொடைமேல் வைத்து, தண்டியின் தலை தோளளவு உயருமாறு நிறுத்தினால் மணிக்கட்டு வளையாமல் விரல் தானே நீளுகிறது.

எல்லாம் சேர ஆயிரம் வெள்ளிக்குச் சற்று மேல் ஆயிற்று. பால்வெட்டுச் சம்பளத்தில் செய்து வைத்திருந்த வளையல் ஒன்று அதற்குப் போயிற்று. "வளையலை விற்றா?" என்று மகன் கேட்டான். அதனை அணிந்த கை எது என்று யான் கேட்டேன். பிறகு அவன் ஒன்றும் கூறவில்லை. ஒலிபெருக்கிக்கு மின்கம்பி இழுத்துக் கொடுத்தவனும் அவனே.

பேத்திக்குப் பன்னிரண்டு வயது. அவள் சாண் இப்போதே என் சாணை மிஞ்சிவிட்டது. தாத்தாவின் கித்தாரை அவள் எடுத்துக் கொண்டாள், கவ்வியின்றியே எட்டுகிறது. ஞாயிறு மாலைகளில் இருவரும் எதிரெதிரே அமர்கிறோம். எஃப் என்னும் கட்டில் ஒரே விரலால் தந்திகளைக் குறுக்கே அடக்க வேண்டும். முதியோர்க்கு அதுவே மலையேற்றம். நேற்று ஆறு தந்திகளும் ஒலித்தன. இன்று இரண்டாம் தந்தி மீண்டும் ஊமையாயிற்று. "பாட்டி, விரலைச் சற்று மெட்டுப் பக்கம் தள்ளுங்கள்" என்கிறாள். தள்ளிப் பார்க்க வேண்டும்.