"மலை திரும்ப வளருமாப்பா?" - உத்திரமேரூரிலிருந்து கல்மரம் பார்க்கப் போன ஒரு குடும்பம்

உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல் ஒன்றும் புதிதல்ல. ஊருக்குள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரெங்கும் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைத் தேர்தல் விதிகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். ஊரைத் தாண்டினால் வேறு மாதிரிக் கல். குவாரி, கிரஷர், ஜல்லி, எம்-சாண்ட், தார்ப்பாய் மூடிய டிப்பர் லாரிகள்.

இந்த இரண்டு கல்லையும் பார்த்து வளர்ந்தவர்கள்தான் அந்த அக்காவும் தம்பியும். அவள் எட்டாம் வகுப்பு, அவன் நான்காம் வகுப்பு. இருவரும் அரசுப் பள்ளி. அப்பா டிப்பர் ஓட்டுநர். கிரஷரில் லோடு ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சென்னைப் பக்கம் கிளம்பினால், வீடு திரும்பும் நேரத்துக்குக் கணக்கில்லை. படிப்பை எட்டாவதோடு விட்டவர். மகளும் எட்டாவதுக்கு வந்தபிறகு, பாடத்தில் சந்தேகம் என்று அவரிடம் வருவதை நிறுத்தியிருந்தாள். கேட்டு அவர் முழிப்பதைவிடக் கேட்காமல் இருப்பது நல்லது என்று அவள் நினைத்திருக்கலாம். அவரும் அதைக் கவனித்திருந்தார். வெளியே சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அவள் கேட்டாள். "ப்பா, உங்க குவாரியில ஃபாசில் கிடைக்குமா?"

ஏதோ மெஷின் பார்ட்ஸ் என்று நினைத்துக்கொண்டு, "கேட்டுப் பாக்குறேம்மா" என்றார் அவர்.

பள்ளியில் அறிவியல் செயல்திட்டம். பழங்காலத்துச் செடி, பூச்சி, சிப்பி எல்லாம் கல்லாகிக் கிடக்கும், அதுதான் புதைபடிவம் என்று அவள் விளக்கினாள். மறுநாளிலிருந்து ஒரு வாரம், லோடு ஏறும்போதெல்லாம் கீழே இறங்கிக் கல்லைப் புரட்டிப் பார்த்தார் அவர். "இன்னாண்ணா, வைரம் தேடுறியா?" என்று கிரஷரில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைக்காது என்று சொன்னது மகளின் அறிவியல் ஆசிரியர். அதற்கான காரணத்தையும் சொன்னார். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் ஜல்லிக்காக உடைக்கப்படும் கருங்கல்லில் பெரும்பகுதி 'சார்னோகைட்' என்ற வகை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை. அந்தக் காலத்தில் பூமியில் மரமும் இல்லை, விலங்கும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான். அவற்றின் தடம் ஏதாவது இருந்திருந்தாலும் அந்த வெப்பத்தில் மிஞ்சியிருக்காது.

அந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் என்ற அதிகாரிக்குக் கொல்கத்தாவில் கல்லறை இருக்கிறது. அதன் மேல் பதித்த கல், சென்னைப் பகுதியிலிருந்து போனது. அவர் பெயரையே இந்தப் பாறைக்கு வைத்துவிட்டார்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளும் இதே வகைதான்.

"தினமும் 250 கோடி வருஷத்தை லாரியில ஏத்திட்டுப் போறேன்னு எனக்கே தெரியலையே" என்று அவர் வீட்டில் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார்.

சரி, புதைபடிவத்தை எங்கே பார்ப்பது? காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உண்டு. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் களிமண் படிந்து இறுகிய பாறை அடுக்குகளில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய செடிகளின் இலைத் தடங்கள் 19-ம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்டிருக்கின்றன. ஆனால், பிள்ளைகளைக் கூட்டிப்போய் நேரில் காட்ட வசதியான இடம் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை. அங்கே இருப்பது கல்மரப் பூங்கா.

"திருவக்கரையா? வக்கிரகாளியம்மன் கோயில் இருக்குற ஊராச்சே! பௌர்ணமிக்கு ரெண்டு வாட்டி போய்ட்டு வந்தோமே" என்றார் அம்மா. கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் 2 கோடி ஆண்டு மரங்கள் கிடப்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

லீவு போட்டால் அன்றைய சம்பளமும் படியும் போகும். போனால் போகட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். வந்தவாசி வழியாகத் திண்டிவனம், அங்கிருந்து இன்னொரு பஸ், கடைசித் துண்டு தூரத்துக்கு ஆட்டோ. தூக்குவாளியில் புளிசாதம், ரெண்டு பாட்டில் தண்ணீர்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் தம்பிக்கு ஏமாற்றம். "டைனோசர் எங்க?" என்றான். செம்மண் தரையும் புதர்களும்தான் தெரிந்தன. நடுநடுவே வெட்டிப்போட்ட அடிமரம் போலக் கட்டைகள். கிட்டே போய்த் தொட்ட பிறகுதான் ஜில்லென்று கல் என்று தெரிந்தது.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில், சுமார் 247 ஏக்கரில் இருக்கிறது இந்தப் பூங்கா. பியர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781-லேயே இந்தக் கல்மரங்களைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். சில மரங்கள் 3 மீட்டர் நீளம். சில 15 மீட்டரைத் தொடுகின்றன. எதிலும் வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. அதனால் இவை இங்கேயே வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு இங்கே வந்து மண்ணுக்குள் புதைந்தவை என்று நிலவியலாளர்கள் கணிக்கிறார்கள்.

மரம் எப்படிக் கல்லானது? சாதாரணமாக மரம் விழுந்தால் கரையான் தின்னும், மக்கிப்போகும். ஆனால், விழுந்த வேகத்தில் மணலும் சேறும் மூடிவிட்டால் உள்ளே காற்றுப் போகாது. மக்குவது மெதுவாகும். அதற்குள் நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா, மரத்தின் நுண்ணிய துளைகளுக்குள் நுழைந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான ஆண்டுகள். கடைசியில் மரம் போய்விடும், அதன் வடிவம் மட்டும் கல்லாக நிற்கும்.

மகள் இதைப் படித்துக் காட்டியபோது, "தேன் நெல்லிக்கா மாதிரின்னு சொல்லு" என்றார் அம்மா. "உள்ளாற பூரா பாகு ஏறிடும், ஆனா பாக்கச் சொல்லோ நெல்லிக்கா நெல்லிக்காயாவே இருக்கும்." மகள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அப்பா அதற்குள் ஒரு கட்டையின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"இங்க வாம்மா. நம்ம பக்கத்துக் கருங்கல்லுக்கு உடையிறதுக்கு ஒரு தினுசு இருக்கும். இது வேற. பாரு, விறகு பொளந்தா செதில் செதிலா வரும்ல, அந்த வாட்டத்துலயே விட்டிருக்கு. கல்லாயிட்டும் மரத்தோட வாட்டத்தை விடல."

அவள் விரலால் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்தாள். ஓர் இடத்தில் கணு இருந்த தழும்பு. இன்னொரு கட்டையின் குறுக்குவெட்டில் மங்கலான வளையங்கள். "இது எப்படிப்பா உனக்குத் தெரியும்?" என்றாள்.

"இருவது வருஷமா கல்லு கூடத்தானே கெடக்குறேன்."

புத்தகத்தில் 'மரத்தின் உள்ளமைப்பு கல்லிலும் பாதுகாக்கப்படுகிறது' என்று ஒரு வரி இருந்தது. அன்றுதான் அது அவளுக்குப் புரிந்தது.

பாக்கெட்டில் ஒரு துண்டு

திரும்பும் நேரத்தில்தான் அந்தச் சம்பவம். தம்பியின் டவுசர் பாக்கெட் கனமாகத் தொங்குவதை அம்மா பார்த்துவிட்டார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கல்மரத் துண்டு.

"வெச்சுட்டு வாடா" என்றார் அப்பா.

"இவ்ளோ கெடக்குதே, ஒண்ணு எடுத்தா இன்னா?"

"வர்றவன் எல்லாம் ஒண்ணு எடுத்தா நாளைக்கு இங்க இன்னா இருக்கும்? எடுத்தா திரும்ப வராதுடா."

பையன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தான். "நீ மட்டும் டெய்லி லோடு லோடா எடுத்துனு போறியே? நம்ம ஊரு மலை மட்டும் திரும்ப வளருமாப்பா?"

அம்மா, "டேய், பெரியவங்ககிட்ட அப்படிப் பேசக் கூடாது" என்று அதட்டினார். அப்பா அவரைக் கையமர்த்தினார். உடனே பதில் வரவில்லை. அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஆடு மேய்த்த குன்று ஒன்று இப்போது பாதிதான் இருக்கிறது. அடுத்த பாதி இருந்த இடத்தில் தண்ணீர் தேங்கிய பெரும் பள்ளம். அந்தக் கல்லில்தான் வீடுகள் எழுந்தன, சாலைகள் போட்டார்கள். அவர் வீட்டு அடுப்பு எரிவதும் அந்தக் கல்லால்தான்.

"வளராதுடா" என்றார் கடைசியில். "அதுவும் வளராது."

பையன் எடுத்த இடத்தைத் தேடிப்போய் அந்தத் துண்டை வைத்துவிட்டு வந்தான். திண்டிவனம் வரும் வரை யாரும் அதிகம் பேசவில்லை. பஸ்ஸில் தம்பி தூங்கிய பிறகு மகள் மெதுவாகக் கேட்டாள். "நீ வேற வேலைக்குப் போலாம்லப்பா?" "போலாம்மா. ஆனா எனக்குத் தெரிஞ்ச வேலை இதுதான். நீ படி" என்றார். அதற்கு மேல் இருவரிடமும் பேச்சில்லை.

தொட்டுப் பார்த்தால் புரியும்

ஒரு மாதம் கழித்து அடுத்த பயணம். செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி. கோட்டூர்புரம் காந்தி மண்டபம் சாலையில் உள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம். 1988-ல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கமும் அதே வளாகத்தில்தான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்து 'தொடாதே' என்று எழுதிப்போடுவது பழைய அருங்காட்சியகம். தொடு, திருகு, இழு, என்ன ஆகிறது என்று பார் என்பது அறிவியல் மையம். இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'எக்ஸ்ப்ளோரடோரியம்', இந்த வழியை உலகெங்கும் பரவச் செய்த இடங்களில் ஒன்று.

தம்பி கைப்பிடிகளைச் சுற்றிக்கொண்டும், வளைந்த கண்ணாடியில் தன் தொப்பையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் ஓடினான். மகள் கப்பிகளின் முன்னால் நின்றுவிட்டாள். கப்பிகளின் எண்ணிக்கை கூடும்போது எடை லேசாகத் தூக்க வருகிறது. ஏன்? பலகையில் இருந்த விளக்கத்தை இரண்டு தடவை படித்தும் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். கேட்டாள்.

"செயின் பிளாக் பாத்திருக்கியா? ஷெட்டுல இன்ஜினையே ஒத்தை ஆளு தூக்குவான். ஆனா சங்கிலிய இழுத்துக்கினே இருக்கணும். கை ஓயும், லோடு ஒரு ஜாண்தான் ஏறும். பலம் கம்மியா போட்டா நீளமா இழுக்கணும். சும்மா எதுவும் கிடைக்காதும்மா."

அவள் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். எடை கொஞ்சம் ஏறுவதற்குள் கயிறு நிறைய வந்திருந்தது. "ஆமாம்ப்பா" என்றாள். அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வேறு இரண்டு பிள்ளைகளும் இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

நீங்களும் போகிறீர்களா?

திருவக்கரையில் நிழல் குறைவு. காலையிலேயே போய்விடுவது நல்லது. தொப்பி, தண்ணீர் கட்டாயம். பௌர்ணமி அன்று கோயில் கூட்டம் அதிகம் என்பதால் பஸ்ஸும் ஆட்டோவும் நெரிசலாக இருக்கும். இரண்டு இடங்களுக்கும் கிளம்பும் முன் விடுமுறை நாளையும் திறந்திருக்கும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கல்மரங்களின் மீது ஏறுவதோ, கீறிப் பெயர் எழுதுவதோ, துண்டுகளை எடுத்துவருவதோ கூடாது. நோட்டும் பென்சிலும் கொடுத்து வரையச் சொன்னால் பிள்ளைகள் கூடுதல் நேரம் கவனிப்பார்கள். விடை தெரியாத கேள்வி வந்தால் பெற்றோர் வெட்கப்பட வேண்டியதில்லை. சேர்ந்து தேடலாம். வீட்டில் கொத்தனார், மெக்கானிக், விவசாயி, தையல்காரர் என யார் இருந்தாலும் அவர்களையும் அழைத்துப்போங்கள். பலகையில் இல்லாத விளக்கம் அவர்களிடம் இருக்கும்.

மகளின் செயல்திட்ட நோட்டில் இப்போது பன்னிரண்டு பக்கங்கள். உதவியவர்கள் என்ற தலைப்பின் கீழே முதலில் ஆசிரியர், அடுத்து 'கல்லின் வாட்டம், கப்பி: அப்பா', அதற்கடுத்து 'தேன் நெல்லிக்காய்: அம்மா' என்று எழுதியிருக்கிறாள். தம்பி தன் பெயரும் வேண்டும் என்று அடம்பிடித்ததால், 'கேள்வி: தம்பி' என்று ஒரு வரி கூடியிருக்கிறது.

அடுத்து அரியலூர் போக வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்து மாவட்டமான பெரம்பலூரின் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. ஒரு காலத்தில் கடலாக இருந்த அந்தப் பகுதியில், சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குவாரிகளிலேயே சிப்பியும் நத்தையும் கல்லாகக் கிடைக்கின்றன என்று மகள் படித்துச் சொன்னாள்.

"அங்க இருக்குற லாரிக்காரங்களுக்கு அது தெரியுமாம்மா?" என்று கேட்டார் அவர்.

"தெரியலப்பா. போய்க் கேக்கலாம்."